பயப்படுவது பாவமா?

நம் வீடுகளில் யாராவது கொஞ்சம் கலங்கி நின்றால் போதும், சுற்றி இருப்பவர்கள் உடனே எடுத்து நீட்டுகிற வார்த்தை ஒன்று உண்டு: "பயப்படாதே!" எஸ்பிஎம் தேர்வுக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற அத்தைக்கும் அதுதான். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனாலும் அந்த வார்த்தைக்கு அடியில் ஒரு தீர்ப்பு படுத்துக் கிடக்கிறது. பயம் என்பது கையில் பிடித்திருக்கிற பை மாதிரி, வேண்டாமென்றால் கீழே வைத்துவிடலாம். வைக்காமல் பிடித்துக்கொண்டே நிற்பவன் கோழை, இல்லையென்றால் சாமி நம்பிக்கை போதாதவன். இந்தத் தீர்ப்பு நியாயமா? இளைஞர் முகாமில் பாரதியின் 'அச்சமில்லை' பாட்டைத் தொண்டை கிழியப் பாடி வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிற கடமையும் நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உடம்பிலிருந்து தொடங்குவோம். தமிழில் பயத்தைப் பற்றிப் பேசும்போது மனசைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஈரக்குலை நடுங்குகிறது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறது. கை கால் வெலவெலக்கிறது. முகம் வெளிறிப் போகிறது. நம் பாட்டிமார்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் அவர்கள் சொல்லி வைத்த ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு உடலியலில் விளக்கம் இருக்கிறது.

மூளையின் இரண்டு பக்கத்திலும், காதுக்கு நேர் உள்ளே, பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. அமிக்டலா என்று பெயர். கண்ணும் காதும் கொண்டுவருகிற செய்தி, யோசிக்கிற மூளைக்குப் போய்ச் சேர்ந்து அது "என்ன ஏது" என்று விசாரித்து முடிப்பதற்குள், குறுக்கு வழியில் இங்கே ஒரு நகல் வந்துவிடுகிறது. நியூயார்க்கில் ஜோசப் லெடூ என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து இந்தக் குறுக்கு வழியைக் காட்டினார். ஆபத்து மாதிரி தெரிந்தால் போதும், அமிக்டலா மணியடித்துவிடும். சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கிற சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. ஓடுவதற்கோ அடிப்பதற்கோ தசைகளுக்கு இரத்தம் வேண்டும். அதனால் குடலுக்குப் போகிற இரத்தம் குறைகிறது. புளி கரைவது அதுதான். சாப்பிடுகிற நேரமா இது என்று உமிழ்நீர் வற்றுகிறது, நாக்கு ஒட்டுகிறது. தோலில் உள்ள நாளங்கள் சுருங்குகின்றன, முகம் வெளிறுகிறது. தசைகள் முறுக்கேறிக் காத்து நிற்கின்றன, கை கால் நடுங்குகிறது.

இவ்வளவும் நம்மைக் கேட்காமலே நடக்கிற வேலை. "பயப்படாதே" என்ற உத்தரவு வந்து சேரும்போது உடம்பு பாதி தூரம் ஓடியிருக்கும். வியர்த்துக் கொட்டுகிறவனைப் பார்த்து "வியர்க்காதே" என்று யாரும் அதட்டுவதில்லை. பயத்தை மட்டும் அதட்டுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். "சரிப்பா, சில பேருக்குப் பயமே வர்றதில்லையே? அவங்க வீரர்கள்தானே?" இதற்குப் பதிலாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர். ஆய்வுக் கட்டுரைகளில் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துதான் அவருக்குப் பெயர். மிக அபூர்வமான ஒரு பரம்பரை நோயால் அவருடைய இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோய்விட்டன. 2011இல் வெளிவந்த ஆய்வுக்காக அவரைப் பாம்பு விற்கிற கடைக்குக் கூட்டிப்போனார்கள். பாம்பென்றாலே பிடிக்காது என்று சொல்லியிருந்தவர், ஆசையாக ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். கடித்துவிடக்கூடிய பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேய் வீடு என்று வேஷம் போட்டு மிரட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் அலறினார்கள், இவர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றும் அவர் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. ஒரு ராத்திரி பூங்காவில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தி வைத்தான். தப்பித்தார். மறுநாளும் அதே பூங்கா வழியாகவே நடந்து போனார்.

இவரை வீராங்கனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம், எதிலிருந்து விலக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் அவருக்கு இல்லாமல் போய்விட்டார். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது மடமை என்று வள்ளுவர் சொன்னாரே, அதை எந்த அதிகாரத்தில் வைத்தார் தெரியுமா? வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் இல்லை. அறிவுடைமையில் வைத்தார். பயம் இல்லாத இடத்தில் தைரியம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. தைரியம் என்று ஒன்று இருந்தால், அது கால் நடுங்குகிறவனிடம்தான் இருக்க முடியும்.

அந்தப் பெண்ணின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2013இல் அவருக்கும் அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளுக்கும் கரியமில வாயு அதிகம் கலந்த காற்றை ஒரு முறை உள்ளே இழுக்கக் கொடுத்தார்கள். பயமே அறியாத அந்த மூன்று பேரும் மூச்சு முட்டிக் கதிகலங்கிப் போனார்கள். ஆக, வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்கு ஒரு காவல்காரன், உடம்புக்கு உள்ளேயிருந்து வருகிற ஆபத்துக்கு வேறு காவல்காரன். மூளையில் 'பயத்தின் இடம்' என்று ஒரே புள்ளியைக் காட்டிவிட முடியாது. லெடூவே பின்னாளில் அமிக்டலாவைப் பய மையம் என்று அழைப்பது தவறு, ஆபத்தைக் கண்டுபிடிப்பது வேறு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று உணர்வது வேறு என்று எழுதினார். இந்த வேறுபாடு வெறும் பண்டிதர் சண்டை இல்லை என்பது கீழே வருகிற தம்பியின் விஷயத்தில் தெரியும்.

கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான ஒரு தம்பி. வயது 24, நல்ல உழைப்பாளி, கோயில் திருவிழா என்றால் பந்தல் கட்ட முதல் ஆளாக நிற்பவன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. மூச்சு போதவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. "செத்துட்டேன்னே நெனச்சேண்ணே" என்றான். அவசரப் பிரிவுக்குப் போனான். ஈசிஜி எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது. கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். (நம்மாட்களுக்கு எது வந்தாலும் கேஸ்ட்ரிக்தான், நாமும் அதை நம்புகிறோம்.)

அவனுக்கு வந்ததற்குப் பீதித் தாக்குதல் என்று பெயர். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். மூச்சு வேகமாக வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். நெஞ்சு வலி முதல் முறை வந்தால் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதில் விளையாடக் கூடாது. ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் ஒரு விளக்கம் சொன்னார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம், படி ஏறியதாலோ, கோப்பி குடித்ததாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. "ஐயோ, வந்துடுச்சு" என்று மனம் அதைத் தப்பாகப் படிக்கிறது. அந்தப் பயம் நெஞ்சை இன்னும் வேகமாக அடிக்க வைக்கிறது. இன்னும் பெரிய "ஐயோ". மணியடித்தது உடம்பு, அதற்கு 'மரணம்' என்று பொருள் சொன்னது மனம். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றுகின்றன.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம்பி கூட்டரசு நெடுஞ்சாலையை விட்டான். உடனே நிம்மதி. அந்த நிம்மதி அவன் மூளைக்கு ஒரு பாடம் சொன்னது: "பார்த்தியா, போகாம இருந்ததாலதான் பொழச்சே." பிறகு நெரிசல் வருகிற எல்லாச் சாலையையும் விட்டான். பிறகு பேரங்காடி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதை விட்டான். எட்டு மாதத்தில் வேலையையும் விட்டான். ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைத்த நிம்மதி நிஜம். ஒவ்வொரு நிம்மதியும் வீட்டுச் சுவரை ஓர் அடி உள்ளே தள்ளியதும் நிஜம். இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். சோம்பேறி இவ்வளவு களைத்துப் போகமாட்டான்.

அப்படியென்றால் அவன் மீது பொறுப்பே இல்லையா? எல்லாம் சுரப்பியும் நரம்பும் பார்த்துக்கொள்ளும், நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் நம் பேச்சு வழக்கமாகக் குழம்புகிறது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. புயலில் கூரை பறந்துபோனால் வீட்டுக்காரன் மேல் யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் கூரையைத் திரும்பப் போட வேண்டியவன் அவன்தான். அக்கம்பக்கத்தார் ஏணி பிடிக்கலாம், ஆணி எடுத்துக் கொடுக்கலாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், பதற்ற நோய்களில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையால் வருவது. மீதி வாழ்க்கை கொடுப்பது. இரண்டில் எதையும் அந்தத் தம்பி கடையில் பார்த்து வாங்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் உலகம் முழுக்க 30 கோடியே 10 லட்சம் பேர் பதற்ற நோய்களோடு வாழ்ந்தார்கள். அத்தனை பேரும் கோழைகள் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

வாழ்க்கை கொடுப்பது என்று சொன்னேன். 1920இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் என்ற இருவர் பதினோரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைக் கண்டால் குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு முயலுக்கும் நாய்க்கும், உரோமக் கோட்டுக்கும்கூட. அந்தப் பயத்தை எடுத்துவிடாமலே குழந்தையை அனுப்பியும்விட்டார்கள். படிக்கும்போது கோபம் வருகிறது. ஆனால் சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிடுகிறவர்களும், "சாமி கண்ணைக் குத்தும்" என்று கடவுளையே அடியாள் ஆக்குகிறவர்களும் யார்? அதனால்தான் பிள்ளைக்குப் பதற்ற நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை, அது அவ்வளவு எளிய கணக்கில்லை. காரியம் ஆக வேண்டும் என்று பயத்தைக் கொடுத்து வளர்த்துவிட்டு, இருபது வயதில் "ஏன்டா பயப்படுறே" என்று கேட்பதில் நியாயம் குறைகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வாட்சனின் பரிசோதனைக்கு நான்கு வருடம் கழித்து, 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தார். மூன்று வயதை நெருங்கும் பீட்டர் என்ற பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவனை யாரும் திட்டவில்லை, முயலைப் பிடித்து மடியில் திணிக்கவும் இல்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டில் வைத்து அறையின் அந்தக் கோடியில் கொண்டுவந்தார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. முயலுக்குப் பயப்படாத மற்றப் பிள்ளைகளும் கூட இருந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்க, பீட்டர் விட்டுக்கொண்டு நின்றான். இன்றைக்கு உளவியல் மருத்துவர்கள் செய்கிற படிப்படியான பழக்கத்துக்கு இதுதான் முன்னோடி. இதில் பழைய பயம் அழிந்துபோவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாவ்லோவின் நாய்களே இதைக் காட்டிவிட்டன: மறந்துவிட்டது என்று நினைத்த பழக்கம் ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தது. பழைய பாடத்தின் மேலே புதுப் பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒருவனுக்குப் பயம் திரும்பி வந்தால் "எல்லாம் வீணாப் போச்சு" என்று யாரும் சொல்லாதீர்கள்.

இனி வீட்டில் இருப்பவர்கள். உண்மையான தர்மசங்கடம் இவர்களுக்குத்தான். தம்பியின் அப்பா திட்டுவார். அம்மா அவனுக்காக எல்லாம் செய்து கொடுப்பார். கடைக்கு அம்மாவே போவார், வங்கிக்கு அம்மாவே போவார், விருந்தாளி வந்தால் "அவனுக்குத் தலைவலி" என்று அம்மாவே பொய் சொல்வார். யார் நல்லவர் என்று கேட்டால் அம்மா என்றுதான் சொல்லுவோம். ஆனால் அப்பாவின் திட்டு அவனை அவமானப்படுத்தியது போல, அம்மாவின் அன்பு "உன்னால முடியாது" என்று வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் எலை லெபோவிட்ஸ் என்பவர் பதற்ற நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார். பிள்ளை சிகிச்சைக்கு வரவே வேண்டாம். பிள்ளையை நேரடியாக வைத்துச் செய்கிற சிகிச்சை அளவுக்கு இதுவும் பலன் தந்ததாக அவருடைய ஆய்வு காட்டியது. அவர் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதன் சாரம் நம் வாய்மொழியில் இப்படி வரும்: "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியுது." இரண்டும் சேர்ந்து வர வேண்டும். முதலாவதை மட்டும் அம்மா சொன்னார், இரண்டாவதை மட்டும் அப்பா சொன்னார்.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வாய் உலர்வது, உடல் நடுங்குவது, வில் நழுவுவது, நிற்க முடியாமல் போவது எல்லாம் வரிசையாக வருகின்றன. அது பயமா பாசமா துக்கமா என்று உரையாசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும்; உடம்பு என்னவோ நமக்குத் தெரிந்த உடம்புதான். நான் கவனிப்பது வேறொன்று. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் முதலில் அதட்டித்தான் பார்க்கிறான், இது ஆண்மைக்கு அழகா என்கிற மாதிரி. அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை. அதட்டல் பலிக்கவில்லை என்றதும் கண்ணன் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. பக்கத்திலேயே இருந்து பேசுகிறான், கேள்வி கேட்க விடுகிறான், பதினெட்டாம் அத்தியாயம் வரைக்கும். வில்லை மட்டும் அவன் எடுக்கவில்லை.

தம்பியின் பாட்டி அவனுக்குக் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். எனக்கு அதில் எந்தக் கேலியும் இல்லை. பாட்டியின் கை, திருநீறு, மெதுவாகச் சொல்கிற மந்திரம் எல்லாம் மனுஷனை அமைதிப்படுத்தும்; மந்திரத்தை நீட்டிச் சொல்லும்போது வெளிமூச்சு நீளுகிறது, வெளிமூச்சில் இதயத் துடிப்பு மெதுவாகும். ஆனால் கொஞ்ச நாளில் கயிறு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று ஆகிவிட்டது. குளிக்கும்போது அது நனைந்து அறுந்த அன்று அவன் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. உளவியலில் இதற்குப் பாதுகாப்புப் பழக்கம் என்பார்கள்: "நான் பிழைச்சது என்னால இல்ல, இதனால" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற பொருள். தண்ணீர்ப் போத்தலாகவும் இருக்கலாம், கைப்பேசியாகவும் இருக்கலாம், கயிறாகவும் இருக்கலாம். கோயிலுக்குப் போவது வாழ்க்கைக்குள் திரும்பி வருவதற்காக என்றால் நல்லது. "பக்தி குறைஞ்சதாலதான் இப்படி ஆச்சு" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே சாகப் போகிறோம் என்று நினைப்பவனிடம், சாமியும் கைவிட்டுவிட்டது என்று சொல்கிற வேலை அது.

கடைசியில் அவனை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கினோம். மாத்திரை தொடங்கினார்கள், வேலை செய்ய சில வாரம் ஆகும் என்று முன்னாலேயே சொன்னார்கள். கூடவே பயிற்சி. முதல் வாரம் நிறுத்தி வைத்த காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது. பிறகு காலை ஆறு மணிக்கு, நெரிசல் இல்லாத நேரத்தில் பத்து தீகா வரைக்கும். நான் சில நாள் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா இருப்பதுதான் வேலை. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போது ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளலாமா என்று கை பரபரக்கும். பயிற்சி கொடுத்தவர் அதைத்தான் கூடாது என்று சொல்லியிருந்தார். பிறகு நான் பின் இருக்கைக்குப் போனேன், பிறகு வேறு காரில் பின்னால் வந்தேன், பிறகு வரவில்லை. இப்போது ஷா ஆலமில் வேலைக்குப் போகிறான். நெரிசல் அதிகமான நாளில் இன்னமும் வருகிறதாம். "வந்தா வரட்டும்ணே, பத்து நிமிஷம்" என்கிறான்.

ஒரு நாள் அவனே கேட்டான், மாத்திரை சாப்பிட்டு வந்த தைரியம் தைரியம்தானா என்று. மாத்திரை கார் ஓட்டாது என்றேன். அதைவிட நல்ல பதில் இருந்தால் யாராவது எழுதுங்கள்.

வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால்: நம் நாட்டுக் குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை, எண் 15555. டாக்டரிடம் நெஞ்சு வலி, வயிற்று வலி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த இடத்துக்குப் போவதை, என்னென்ன செய்வதை விட்டுவிட்டோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள். கேஸ்ட்ரிக் மருந்தோடு வீடு திரும்பாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.